மருந்தில்லாக் கோடைத் தோட்டம்: விலக்குவது மட்டும் போதாது

வீட்டிற்கு வேண்டிய காய்கறிகளை வீட்டிலேயே பயிர் செய்துகொள்வது நம் நாட்டிற்குப் புதிய வழக்கமன்று. புழக்கடையில் ஓர் அவரைப் பந்தலும், கிணற்றடியில் ஒரு கீரைப் பாத்தியும் இல்லாத வீடு தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் அரிதாக இருந்தது. நகரங்களிலோ இவ்வழக்கம் உணவுத் தட்டுப்பாட்டை ஒட்டியே வலுப்பெற்றது. 1965-ஆம் ஆண்டில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி, டில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியை உழுது தானியம் பயிரிடச் செய்ததை முதியோர் பலர் இன்றும் நினைவுகூர்வர். அன்று மக்கள் வேண்டியது உணவின் அளவு. இன்று டில்லி மாநகரில் வீட்டு முற்றத்திலும் மொட்டை மாடியிலும் காய்கறி பயிரிடுவோர் வேண்டுவது உணவின் தூய்மை. சந்தையில் வாங்கும் காயில் பூச்சிமருந்தின் எச்சம் இருக்குமோ என்னும் அச்சமே அவர்களைத் தோட்ட வேலையில் ஈடுபடுத்துகிறது.

இந்நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆயினும், "நாங்கள் மருந்து போடுவதில்லை" என்னும் ஒரு கூற்றையே பலர் முழுத் தகுதியாகக் கருதிவிடுகின்றனர். இது தவறான எண்ணமாகும். மருந்தை விலக்குவது வேலையின் பாதிதான். விலக்கிய இடத்தில் எதை வைப்பது, எந்த மண்ணில் எந்த நீரைக்கொண்டு வளர்ப்பது என்பவை மறுபாதி. அம்மறுபாதியைக் கற்பிக்க வேண்டியவர்கள் களப்பணியாளரும் ஆசிரியரும் ஆவர். டில்லியின் கோடை இதற்கு நல்லதொரு சோதனைக் களம். பிப்ரவரியில் குளிர் நீங்கும் முன்பே விதைக்க ஆயத்தம் செய்ய வேண்டும். மே, ஜூன் மாதங்களிலோ வெப்பம் 45 டிகிரி சென்டிகிரேடை எட்டும்; "லூ" எனப்படும் அனற்காற்று வீசும். அங்கே மருந்தின்றி ஒரு தோட்டம் நிலைத்தால், அதன் காரணங்களை அறிந்துகொள்வது எவ்வூராருக்கும் பயன்படும்.

மருந்து வீட்டிற்கு ஏன் பொருந்தாது?

இரசாயன மருந்தை வீட்டுத் தோட்டத்திலிருந்து விலக்க வேண்டும் என்பதற்கு உணர்ச்சியைத் துணைக்கழைக்க வேண்டியதில்லை. எளிய கணக்கே போதும். பூச்சிமருந்து ஒவ்வொன்றிற்கும், தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்கும் இடையே கழிய வேண்டிய காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. வெண்டையை எடுத்துக்கொள்வோம். கோடையில் ஒருநாள் விட்டு ஒருநாள் காய் பறிக்காவிட்டால் அது முற்றி நாராகிவிடும். வெள்ளரியும் பீர்க்கும் அவ்வாறே. காத்திருப்புக் காலம் ஏழு நாளாயின், அவ்வேழு நாளில் மூன்று முறை பறிக்க வேண்டிய காய்களை எறிந்துவிட வேண்டும். எந்த இல்லத்தரசி அவ்வாறு எறிவார்? பறித்துச் சமைப்பதே நடக்கும். சந்தைக் காயில் எதற்கு அஞ்சினரோ, அதுவே தம் கையால் வளர்த்த காயிலும் வந்து சேரும்.

இரண்டாவது, அளவு. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டத்தின்படி ஒவ்வொரு மருந்துடனும் விளக்கத்தாள் வர வேண்டும். அதில் கூறப்படும் அளவுகள் ஹெக்டேர்க் கணக்கில் அமைந்தவை. பத்துச் சதுர மீட்டர்ப் பாத்திக்கு அதைச் சுருக்கிக் கணக்கிடும் கருவியும் பொறுமையும் வீட்டில் இரா. புட்டியின் மூடியே அளவுகோலாகிவிடுகிறது. மீந்த மருந்து பரணில் குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது.

மூன்றாவது, தேனீ. சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி ஆகிய கொடிகளில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியே மலர்பவை. மகரந்தத்தைக் கொண்டுசேர்க்கத் தேனீயோ அந்துப்பூச்சியோ வந்தாக வேண்டும். வராவிட்டால் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்துவிடும். பிஞ்சு உதிர்வதைக் கண்டு நோயென்று எண்ணி மருந்தடிப்பவர், உதிர்வதற்கான காரணத்தையே பெருக்குகிறார்.

இவற்றோடு கடந்தகால அனுபவமும் ஒன்றுண்டு. 1950-களிலும் 1960-களிலும் வெளிவந்த தோட்டக்கலை அறிவுரைகளில் டி.டி.டி., பி.எச்.சி. தூள்களைத் தூவுமாறு கூறுவது வழக்கமாயிருந்தது. பின்னர் உழவில் டி.டி.டி.யின் உபயோகம் 1989-இல் தடைசெய்யப்பட்டது, பி.எச்.சி. 1997-இல் விலக்கப்பட்டது, எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது. அறிவுரை கூறியவர்கள் தீய எண்ணம் உடையவர்கள் அல்லர். அன்று அறிந்ததை அன்று கூறினர். ஆனால் நச்சு நீடித்தது. பழைய அறிவுரையும் ஊரார் நாவில் நீடித்தது. தம் சொல் தமக்குப் பின்னும் வாழும் என்பதைக் களப்பணியாளர் மறவாதிருத்தல் வேண்டும்.

மட்கே அடிப்படை

விலக்கிய இடத்தில் முதலில் வைக்க வேண்டியது மட்கு. டில்லியின் மண் பெரும்பாலும் யமுனையின் வண்டல், மணல் கலந்தது, சற்றே காரத்தன்மை உடையது, கரிமச் சத்துக் குறைந்தது. இத்தகைய மண் கோடையில் காலை ஊற்றிய நீரை மாலைக்குள் இழந்துவிடும். பயிரைப் பொறுத்தவரை, யூரியாவிலிருந்து வரும் தழைச்சத்தும் மட்கிலிருந்து வரும் தழைச்சத்தும் வேரினுள் நுழையும்போது ஒன்றுதான். இதை மறைத்துப் பேசுவது அறிவியலாகாது. வேறுபாடு வேறிடத்தில் உள்ளது. யூரியா மண்ணிற்கு நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றலைத் தராது, மட்கு தரும். உலர்ந்த மணற்பாத்தியில் கைப்பிடி யூரியா விழுந்தால் இளஞ்செடியின் வேர் கருகும். நன்கு மட்கிய எரு எவ்வளவு விழுந்தாலும் கருகாது.

மட்கு செய்யும் கலையை உலகிற்கு எழுதிக் காட்டிய பெருமை இந்திய மண்ணில் நடந்த ஆராய்ச்சிக்கே உரியது. ஆல்பர்ட் ஹோவார்டு 1905-இல் பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்திற்கு வந்தார். பின்னர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி, யஷ்வந்த் வாட் என்பவருடன் சேர்ந்து இந்தூர் முறையை வகுத்து 1931-இல் நூலாக வெளியிட்டார். நம் குடியானவர் நெடுங்காலமாகக் கையாண்ட எருக்குழி வழக்கங்களும் சீன உழவரின் வழக்கங்களும் அம்முறைக்கு வழிகாட்டின. பூசா நிலையம் 1934-ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் சேதமுற்று, 1936-இல் டில்லிக்கு மாற்றப்பட்டது. இன்றைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் அதுவே.

இந்தூர் முறையில் குவியலைப் புரட்டிக் காற்றூட்ட வேண்டும். ஏறத்தாழ மூன்று மாதத்தில் மட்கு கிடைக்கும். 1939-இல் பெங்களூரில் ஆச்சார்யா வகுத்த முறையில் குழியை அடுக்கடுக்காக நிரப்பி மண்பூசி மூடிவிட்டால் போதும், புரட்ட வேண்டியதில்லை. ஆனால் ஆறு முதல் எட்டு மாதம் பொறுக்க வேண்டும். டில்லிக் கோடையில் திறந்த குவியல் விரைவில் உலர்ந்து மட்காமல் நின்றுவிடுவதால், மூடிய குழியே ஆள்பலம் குறைந்த வீட்டிற்கு ஏற்றது. எதுவாயினும், பச்சைச் சமையற்கழிவின் அளவைவிட உலர்ந்த சருகு மிகுதியாக இருத்தல் வேண்டும். ஈரம் பிழிந்த துணி அளவில் நிற்றல் வேண்டும்.

சருகிற்கோ டில்லியில் குறைவில்லை. அங்கே வேம்பும் அரசும் இலையுதிர்ப்பது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. அதாவது கோடை விதைப்பு நடக்கும் அதே நாட்களில். அச்சருகைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது நெடுநாளைய வழக்கம். 2015-ஆம் ஆண்டு ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதித்தது. பாத்தியின்மீது மூன்று விரற்கடை உயரம் பரப்பினால் மண்ணின் சூட்டைத் தணித்து நீரைக் காக்கும் பொருளை, காற்றை நஞ்சாக்கும் பொருளாக மாற்றுவது எவ்வளவு பெரிய பேதைமை!

மட்காத பச்சைச் சாணத்தை இடுவது இன்னொரு தவறு. அது கரையானை அழைக்கும். கீரைப் பாத்தியில் நோய்க்கிருமிகளையும் சேர்க்கும். "சாணம் இயற்கையானது" என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

பருவமும் ரகமும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்பது தமிழர் பழமொழி. டில்லியில் குடியேறிய தமிழர் சிலர் இதை நம்பிக் கோடைக் காய்களுக்கும் ஆடியை எதிர்பார்த்திருந்து ஏமாறுவதுண்டு. டில்லியில் கோடைப் பட்டம் பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடியும் வரை. வெண்டை, சுரை, பீர்க்கு, பாகல், வெள்ளரி, கொத்தவரை, காராமணி ஆகியவற்றை அப்போது விதைத்துவிட்டால், அனற்காற்று வீசத் தொடங்குமுன் செடி வேரூன்றிக்கொள்ளும். ஏப்ரல் கடைசியில் விதைத்த செடி இளமையிலேயே வாடும்; வாடிய செடியைப் பூச்சி எளிதில் பற்றும். எனவே காலத்தில் விதைப்பதே பூச்சி தடுப்பின் முதற்படி எனலாம். அனலைப் பொறுக்கும் கீரைகளில் தண்டுக்கீரையும், வடநாட்டார் "குல்ஃபா" என்றழைக்கும் பருப்புக்கீரையும் சிறந்தவை.

ரகத் தேர்வில் வெண்டையின் வரலாறு கற்கத்தக்கது. வெள்ளை ஈக்கள் பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய் வெண்டையின் பெரும்பகை. எந்த மருந்தும் அந்நோயைக் குணப்படுத்தாது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் ஹர்பஜன் சிங் உருவாக்கிய "பூசா சாவனி" ரகம் அந்நோயைத் தாங்கி நாடெங்கும் பரவிற்று. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் எதிர்ப்பாற்றல் குன்றியது. பின்னர் அதே கழகம் "பூசா ஏ-4" என்னும் ரகத்தை வெளியிட்டது. எதிர்ப்பாற்றல் நிரந்தரமானதன்று என்பதே இதன் பாடம். பழைய பெயரை நம்பி விதை வாங்காமல், இப்போது தாங்கும் ரகம் எதுவென ஆண்டுதோறும் கேட்டறிதல் வேண்டும். தேமல் கண்ட செடியை அன்றே பிடுங்கி அகற்றுதல் வேண்டும்.

வேம்பின் துணை

புது டில்லியை அமைத்தவர்கள் சாலையோரங்களில் வேம்பையும் நாவலையும் மருதையும் வரிசையாக நட்டனர். அவ்வேம்பின் அருமை 1962-ஆம் ஆண்டில் அந்நகரிலேயே வெளிப்பட்டது. அவ்வாண்டு வெட்டுக்கிளிக் கூட்டம் டில்லி வயல்களில் இறங்கியபோது, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பூச்சியியல் அறிஞர் எஸ். பிரதான், வேப்பம் பருப்பை நீரில் அரைத்துப் பயிர்கள்மீது தெளிக்கச் செய்தார். வெட்டுக்கிளிகள் செடிமீது அமர்ந்தன, ஆனால் தின்னவில்லை. பூச்சிமருந்துகளின் தீங்கை உலகிற்கு உணர்த்திய ரேச்சல் கார்சனின் நூல் அமெரிக்காவில் வெளிவந்ததும் அதே 1962-ஆம் ஆண்டில்தான்.

வீட்டில் இக்கரைசலைச் செய்வது எளிது. உலர்ந்த வேப்பம் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சவர்க்காரம் கரைத்து மாலையில் தெளிக்க வேண்டும். வெயில் அதன் ஆற்றலைக் குறைத்துவிடும் என்பதால் காலையில் தெளிப்பது வீண். ஆண்டு முழுவதும் வேண்டிய விதையை ஜூன், ஜூலை மாதங்களில் மரத்தடியில் பொறுக்கி உலர்த்திக்கொள்ளலாம்.

ஆனால் வேம்பே எல்லாவற்றிற்கும் மருந்தன்று. சுரையையும் பாகலையும் கெடுக்கும் பழ ஈ தோலினுள் முட்டையிடுகிறது. மேலே தெளிப்பது எதுவும் உள்ளிருக்கும் புழுவை எட்டாது. அதற்கு வழி, பிஞ்சைக் காகித உறையால் மூடுவதும், உதிர்ந்த சொத்தைக் காயை அன்றன்றே ஆழப் புதைப்பதுமாகும். இளங்கொடியின் இலையைத் துளைக்கும் சிவப்பு வண்டுகள் விடியற்காலையில் சோம்பியிருக்கும். அப்போது கையாற் பிடித்துவிடலாம். மருந்தில்லாத் தோட்டத்தின் முதன்மையான கருவி நாள்தோறும் காலையில் செடியைப் பார்க்கும் கண்களே. வாரம் ஒருமுறை மட்டும் தோட்டத்தை எட்டிப் பார்ப்பவருக்கு இம்முறை பயனளிக்காது என்பதை ஒளிக்காமல் கூறிவிட வேண்டும்.

"இயற்கையானது தீங்கற்றது" என்னும் கருத்தையும் களைய வேண்டும். பழைய அறிவுரைகளில் காணும் புகையிலைக் கஷாயம் செடியிலிருந்து எடுத்ததுதான். ஆயினும் அதிலுள்ள நிகோடின் தோல் வழியாகவும் உடலிற் சேரும் கொடிய நஞ்சு. அதைப் பள்ளித் தோட்டத்திலும் வீட்டுத் தோட்டத்திலும் கையாளலாகாது. வேப்பெண்ணெயைச் சிறு குழந்தைகள் விழுங்கினால் பெருந்தீங்கு நேரும். அதையும் பூட்டியே வைத்தல் வேண்டும்.

நீரும் நிலமும்

இனி, பலர் எண்ணிப் பாராத ஒன்று. மருந்து படாத காய் நஞ்சற்ற காயாக இருக்க வேண்டும் என்பதில்லை. டில்லியில் யமுனையின் வெள்ளப்படுகையில் நெடுங்காலமாகக் காய்கறி விளைந்து வந்தது. ஆற்றில் கலக்கும் கழிவுநீரால் ஈயம் முதலிய உலோகங்கள் பயிரிற் சேரும் அபாயம் கருதி, 2015-ஆம் ஆண்டு ஜனவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், ஆறு தூய்மையுறும் வரை அங்கே உணவுப்பயிர் செய்யலாகாதென ஆணையிட்டது. அங்கு பயிரிட்ட ஏழை உழவரின் பிழைப்பு இவ்வாணையால் இடருற்றது என்பதையும் கூறத்தான் வேண்டும். அவர்கள் ஆற்றைக் கெடுத்தவர்கள் அல்லர். ஆனால் உலோகம் யார் குற்றம் என்று பார்த்துப் பயிரில் ஏறுவதில்லை. வேப்பங்கரைசல் அதைத் தடுக்காது. கழுவினாலும் காயினுள் சேர்ந்தது நீங்காது.

இக்கருத்து வீட்டு முற்றத்திற்கும் பொருந்தும். பழைய சுவர்களில் பூசப்பட்ட வண்ணப்பூச்சுகளில் ஈயம் மிகுந்திருந்தது. அதை வரையறுக்கும் விதிகள் 2016-இல்தான் வகுக்கப்பட்டன. ஆகவே உதிர்ந்த வண்ணம் கலந்த சுவரோர மண்ணில் கீரை விதைக்கலாகாது. பெருஞ்சாலையை ஒட்டிய கீரையைப் புழுதி நீங்கப் பலமுறை கழுவ வேண்டும். நிலம் ஐயத்திற்குரியதாயின், நல்ல மண்ணும் மட்கும் நிரப்பிய தொட்டிகளே மேல்.

நீரின் அளவையும் கருதுதல் வேண்டும். மே மாதத்தில் டில்லியில் ஒரு சதுர மீட்டர்ப் பயிருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 அல்லது 8 லிட்டர் நீர் தேவைப்படும். பத்துச் சதுர மீட்டருக்கு அது 80 லிட்டர் வரை ஆகும். தெருவில் தண்ணீர் வண்டிக்காக மக்கள் குடங்களுடன் வரிசையில் நிற்கும் நகரில், இது சிறிய அளவன்று. காய்கறி அலம்பிய நீரும் அரிசி களைந்த நீரும் எவ்வளவு கிடைக்கின்றனவோ அவ்வளவே பாத்தி அமைப்பது முறை. நீர்வடிப்பான் கழிக்கும் நீரில் உப்பு மிகுதி. அதையே தொடர்ந்து ஊற்றினால் தொட்டி மண் உவராகிவிடும். நான்கு வெண்டைச் செடியும் ஒரு சுரைக்கொடியும் செழித்து நிற்பது, வாடிய நாற்பது செடியினும் மேலானது.

பள்ளியில் தொடங்குக

பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைப்பதற்கான வழிமுறைகளை மத்திய அரசு 2019-ஆம் ஆண்டில் வெளியிட்டது. பல பள்ளிகளில் இன்று பாத்திகள் உள்ளன. அவற்றில் கற்பிக்க வேண்டியது "இரசாயனம் தீது" என்னும் முழக்கம் அன்று. முழக்கத்தின் விளைவை அண்டை நாடான இலங்கையில் கண்டோம். 2021-ஆம் ஆண்டில் இரசாயன உரத்தின் இறக்குமதியை அந்நாட்டரசு திடீரெனத் தடைசெய்தது. நெல் விளைச்சலும் தேயிலையும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு முடியுமுன்னரே தடையைக் கைவிட நேர்ந்தது. சுரைக்கொடிக்குப் போதுமான மட்கு சமையலறையிலிருந்தும் வேப்பமரத்தடியிலிருந்தும் கிடைத்துவிடும். ஒரு நாட்டின் நெல் வயல்களுக்கு வேண்டிய மட்கு ஒரே பருவத்தில் எங்கிருந்து கிடைக்கும்? வீட்டுத் தோட்டத்தில் கற்ற பாடத்தை வீட்டுத் தோட்டத்திற்கே முதலில் உரியதாகக் கொள்வது அறிவுடைமை.

ஆசிரியர் செய்யத்தக்கது எளிய ஒன்று. மாணவர் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, விதைத்த நாள், ஊற்றிய நீர், கண்ட பூச்சி, பறித்த காயின் எடை ஆகியவற்றை நாள்தோறும் எழுதச் செய்தல் வேண்டும். சருகு பரப்பிய பாத்தி ஒன்றும், பரப்பாத பாத்தி ஒன்றும் அருகருகே இருக்கட்டும். எப்பாத்தி முதலில் வாடுகிறது என்பதை மாணவரே காண்பர். தோற்ற பயிரையும் எழுதிவைக்க வேண்டும்; பழ ஈயால் கெட்ட பத்துக் காயின் குறிப்பு, நன்கு விளைந்த பத்துக் காயின் குறிப்பிற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

டில்லியின் ஓர் அரசு ஊழியர் குடியிருப்பிலோ, தமிழ்நாட்டின் ஒரு சிற்றூர்ப் பள்ளியிலோ, மே மாத வெயிலில் ஒரு குழந்தை கொடியிலிருந்து வெள்ளரிப் பிஞ்சைப் பறித்து அப்படியே கடிக்கிறது எனக் கொள்வோம். அதைத் தடுக்க வேண்டிய தேவையின்றித் தாயும் ஆசிரியரும் பார்த்துக்கொண்டிருக்க இயலுமாயின், அத்தோட்டம் தன் பயனை அடைந்துவிட்டது. அந்த நம்பிக்கை வெறும் விலக்கினால் வருவதன்று. மண், நீர், பருவம், ரகம் ஆகிய நான்கையும் அறிந்து உழைத்தவருக்கே வருவது. அவ்வறிவை வீடுதோறும் கொண்டுசேர்ப்பது களப்பணியாளரின் கடமை. அதை அடுத்த தலைமுறையின் பழக்கமாக்குவது ஆசிரியரின் கடமை.